அண்ணன் தொடவில்லை, தம்பியால் விட முடியவில்லை: குடிநோயில் பரம்பரையும் சூழலும் – ஒரு நிகழ்வு ஆய்வு

அப்பா குடித்தார், பிள்ளையும் குடிக்கிறான். இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அதே அப்பாவுக்குப் பிறந்த இன்னொரு பிள்ளை, 43 வயதுவரை வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் குடித்திருக்கிறார். இருவரும் ஒரே நாளில், எங்கள் போதை மீட்புப் பிரிவில், அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த 14 மாதம் அந்தக் குடும்பத்தோடு எங்களுக்கு இருந்த பழக்கத்தின் பதிவு இது. ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டோம்.

சிகிச்சை எப்படிப் போனது என்பதைவிட, 'பரம்பரை' என்ற சொல்லை நாங்கள் கையாண்ட விதத்துக்காகவே இதை எழுதுகிறோம். அதை அவசரப்பட்டுச் சொன்னோம், தப்பாகவும் சொன்னோம்.

பின்னணி

தம்பிக்கு 38 வயது. பொட்டலம் கட்டும் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரம் ஓட்டுபவர். 26 வயதிலிருந்து பெரும்பாலும் இரவு ஷிப்ட்தான். மனைவி, 15 வயதில் மகன், 9 வயதில் மகள். அண்ணன் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவர். அவருக்கு இரண்டு பெண்கள்.

அப்பா தினமும் குடித்தவர். கல்லீரல் சுருங்கி, ரத்த வாந்தி எடுத்து 51 வயதில் போய்ச் சேர்ந்தார். தம்பிக்கு அப்போது 20 வயது. தாத்தாவும் குடிப்பாராம், அது கேள்விப்பட்டதுதான், உறுதியாகச் சொல்ல ஆள் யாரும் மிச்சமில்லை. அம்மா வழியில் யாரும் தொட்டதில்லை.

அண்ணனுக்கு 11 வயதானபோது அம்மா அவரைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். முந்தைய இரவு அப்பா அவருடைய பாடப் புத்தகங்களை வாசலில் வீசிவிட்டு, தடுக்க வந்த அம்மாவையும் அடித்திருக்கிறார். தம்பிக்கு 6 வயது. பிரித்து அனுப்ப முடியாத வயது என்பதால் அவர் அங்கேயே வளர்ந்தார். இந்த ஒரு வரி எங்கள் முதல் நாள் குறிப்பில் இல்லை. அதில் இருந்தது இவ்வளவுதான்: "குடும்ப வரலாறு – தந்தை, ஆம்."

முதல் நாள்

காலை 10 மணிக்கு வந்தார்கள். கடைசியாகக் குடித்தது முந்தைய இரவு 11 மணிக்கு. தம்பி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் அமர்ந்திருந்தார். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னபோதுதான் காரணம் புரிந்தது. வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுதினார், அப்படியும் கோடு அலைந்தது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 112. நெற்றியில் வேர்வை.

40 விழுக்காடு ஆல்கஹால் உள்ள மது, தினமும் ஏறத்தாழ 350 மில்லி. கணக்குப் போட்டால் 110 கிராம் சுத்த ஆல்கஹால். 10 கிராமை ஓர் அலகாக வைத்தால் நாளுக்கு 11 அலகு. குடிப்பழக்கத்தை அளக்கும், உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் வினாத்தாளில் 40-க்கு 27 வந்தது. அதில் 20-ஐத் தொட்டாலே உடல் மதுவைச் சார்ந்துவிட்டதா என்று முழுதாகப் பரிசோதிக்க வேண்டும். மனநோய்களை வகைப்படுத்தும் டி.எஸ்.எம்.-5 கையேடு குடிநோய்க்குச் சொல்லும் 11 அடையாளங்களில் 8 பொருந்தின. 6 அல்லது அதற்கு மேல் இருந்தால் தீவிர நிலை.

மூன்று ஆண்டுக்கு முன் அவருக்கு ஒருமுறை வலிப்பு வந்திருக்கிறது. வேறோர் இடத்தில் காட்டினார்கள். வலிப்பு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். குடியைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. அது இரண்டு நாள் குடிக்காமல் இருந்தபோது வந்த வலிப்பு என்பது இப்போதுதான் தெரிந்தது.

மனைவி சொன்ன முதல் வாக்கியத்தை அப்படியே தருகிறேன்: "இவருக்கு ஏறவே ஏறாது டாக்டர். எவ்வளவு குடிச்சாலும் நிதானமா இருப்பாரு, அதான் இத்தனை வருஷம் யாருக்குமே தெரியல."

'தாங்குதிறன் அதிகம்' என்று குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டோம். ஆண்டுக்கணக்கில் குடித்ததால் உடல் பழகிப்போன தாங்குதிறன் என்றுதான் நினைத்தோம். அது எப்போதிருந்து என்று கேட்டிருக்க வேண்டும்.

உள்நோயாளியாக ஆறு நாள்

வீட்டிலேயே வைத்து நிறுத்த முடியுமா என்று கேட்டார்கள். மறுத்தோம். ஏற்கெனவே ஒருமுறை வலிப்பு வந்தவருக்குக் குடியைத் திடீரென நிறுத்தினால், முதல் 48 மணி நேரத்துக்குள் மறுபடி வலிப்பு வரலாம். அதைத் தாண்டினாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை மனக்குழப்பம், இல்லாததைக் காண்பது, காய்ச்சல் என்று உயிருக்கே ஆபத்தாக முடியலாம். 'மன உறுதி இருந்தா ஒரே நாள்ல நிறுத்திடலாம்' என்று அறிவுரை சொல்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டோம். நடுக்கத்துக்கு லோராசெபாம் என்ற அமைதியூட்டி மருந்து, கல்லீரல் நிலை தெரியாதபோது அது பாதுகாப்பானது. குடியை நிறுத்தியதும் வரும் விலகல் அறிகுறிகளின் மதிப்பெண் முதல் நாள் இரவு 17 வரை போய், நான்காம் நாள் 5-க்கு இறங்கியது. வலிப்பு வரவில்லை.

ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் ஏறியிருந்தன: ஜி.ஜி.டி. 312. ஏ.எஸ்.டி. 118, ஏ.எல்.டி. 49. முன்னது பின்னதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருப்பது மதுவால் கல்லீரல் கெடுவதன் வழக்கமான அடையாளம். ரத்தச் சிவப்பணுக்களும் பருத்திருந்தன. ஸ்கேனில் கொழுப்புப் படிந்திருந்தது, ஆனால் அப்பாவுக்கு வந்த சுருக்கம் இல்லை. அதைச் சொன்னபோது முதல் முறையாக அவர் எங்கள் முகத்தை நேராகப் பார்த்தார்.

கதை மெல்ல வெளியே வந்தது

ஐந்தாம் நாள் மாலை, நடுக்கமெல்லாம் அடங்கிய பிறகு, சும்மா பேசிக்கொண்டிருந்தபோது ஒன்று சொன்னார். 19 வயதில் நண்பர்கள் ஏழு பேரோடு சேர்ந்து முதல் முறையாகக் குடித்திருக்கிறார். "எல்லாரும் மட்டையாயிட்டானுங்க டாக்டர். எனக்கு மட்டும் ஒண்ணுமே ஆகல. நான்தான் ஒவ்வொருத்தனையா வீட்ல கொண்டுபோய் விட்டேன்." அன்றிலிருந்து அந்தக் கூட்டத்தில் அவருக்கு ஒரு மதிப்பு. 38 வயதில், மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு சொல்லும்போதும் அந்தப் பெருமையின் சாயல் குரலில் இருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. அமெரிக்காவின் சான் டியேகோவில் மார்க் ஷக்கிட் என்ற மனநல மருத்துவர் செய்த ஆய்வு இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். 20 வயதை ஒட்டிய இளைஞர்களுக்கு ஆய்வுக்கூடத்தில் அளந்து மது கொடுத்து, எவ்வளவு போதை தெரிகிறது, நிற்கும்போது உடல் எவ்வளவு ஆடுகிறது என்று அவர் பதிவு செய்தார். சுமார் பத்து ஆண்டு கழித்து அவர்களையே தேடிப் பார்த்தார். முடிவு 1994-ல் வெளியானது. குடிநோயாளிகளுக்குப் பிறந்த மகன்களில், அன்று போதை குறைவாகத் தெரிந்தவர்களில் 56 விழுக்காட்டினர் குடிநோயாளி ஆகியிருந்தார்கள். போதை நன்றாகத் தெரிந்தவர்களில் 14 விழுக்காடு மட்டுமே.

'ஏறாது' என்பதை ஊர் உலகம் பலம் என்கிறது. ஆனால் 'போதும்' என்று உடம்பு தரவேண்டிய சமிக்ஞை அந்த ஆளுக்குத் தாமதமாக வருகிறது என்பதுதான் அதன் பொருள். மற்றவன் இரண்டில் நிறுத்துவதை இவன் ஆறில்தான் உணர்கிறான், கல்லீரலுக்கோ ஆறும் ஆறுதான். இந்தத் தன்மையில் ஒரு பகுதி பரம்பரையாக வருவது.

19 வயதில்தான் முதல் முறை என்றாரே, அதுவும் சரியில்லை. அண்ணன் அறைக்கு வந்தபோது திருத்தினார்: "பொய் சொல்லாதடா. பதினாலுலயே அப்பா மிச்சம் வச்ச பாட்டில்ல இருந்து குடிச்சவன்தானே நீ." தம்பி மறுக்கவில்லை. அது குடித்த கணக்கிலேயே வராது என்று நினைத்திருக்கிறார்.

ஒரே முறை குடித்த அண்ணன்

அண்ணனிடம் தனியாகப் பேசினோம். 22 வயதில் அலுவலக விருந்து ஒன்றில் அரை டம்ளர் பீர் குடித்திருக்கிறார். பத்து நிமிடத்தில் முகம், கழுத்து, காது எல்லாம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி. "சாகப் போறேன்னு நினைச்சேன். அதுக்கப்புறம் தொடல. இதுல என் பெருமை ஒண்ணும் இல்ல டாக்டர்." கடைசி வாக்கியத்தை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் அடுத்த வாரமே அதை மறந்துவிட்டுத்தான் தம்பிக்கு உபதேசம் செய்தார்.

உடலில் மது இரண்டு கட்டமாகச் சிதைகிறது. முதல் கட்டத்தில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாகிறது. இரண்டாம் கட்டத்தில் அது தீங்கில்லாத அசிட்டேட் ஆகிறது. இரண்டாவதைச் செய்யும் நொதிக்கான ஏ.எல்.டி.எச்.2 மரபணுவில் ஒரு மாற்றம் இருந்தால் நச்சுப்பொருள் தேங்கி, முகம் சிவந்து குமட்டும். அப்பா அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து ஒரு பிரதி வந்தாலே போதும். கிழக்கு ஆசியாவில் பரவலாகக் காணப்படும் மாற்றம் இது. முதல் கட்டத்தை வேகமாக்கும் ஏ.டி.எச்.1பி மரபணு மாற்றமும் அதேபோல் குடிநோயிலிருந்து ஓரளவு காக்கும். அண்ணனுக்கு இவற்றில் ஒன்று, குடித்தே பழக்கமில்லாத அம்மாவின் வழியாக வந்திருக்கலாம் என்பது எங்கள் ஊகம். முகம் சிவக்க வேறு காரணங்களும் உண்டு. நாங்கள் சோதிக்கவில்லை, எதுவாக இருந்தாலும் சிகிச்சையில் ஒன்றும் மாறப்போவதில்லை.

ஆனால் மரபணு மட்டும் அண்ணனைக் காத்தது என்றும் சொல்ல முடியாது. 11 வயதிலிருந்து அவர் வளர்ந்த வீட்டில் பாட்டில் கிடையாது. சாயங்காலம் வெளியே போனால் "எங்கடா போற, யார்கூட போற, எப்ப வருவ" என்று மூன்று கேள்வி கேட்காமல் பெரியம்மா விடமாட்டார். தம்பி வளர்ந்த வீட்டில் அந்தக் கேள்விகளைக் கேட்கும் தெம்பு யாருக்கும் இல்லை. பாட்டில் கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது. திட்டு, அடி, அம்மா அடி வாங்குவதைப் பார்ப்பது, வீட்டில் குடிப்பவர் இருப்பது என்று குழந்தைப் பருவ இன்னல்களில் நான்கு வகை அவருக்கு நடந்திருக்கின்றன. 1998-ல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைகளைச் சந்தித்தவர்களிடம் குடிநோய் பல மடங்கு அதிகமாக இருந்தது.

பின்லாந்தின் இரட்டையர் ஆய்வுகளில் இன்னொன்றும் தெரிய வந்தது. கண்காணிப்பும் கட்டுப்பாடும் தளர்ந்த சூழலில் வளரும் பிள்ளைகளிடம் பரம்பரையின் செல்வாக்கு கூடுதலாக வெளிப்படுகிறது. இறுக்கமான சூழலில் அது அமுங்கிக் கிடக்கிறது. ஆக, 'மரபா, சூழலா' என்ற கேள்வியே கொஞ்சம் கோணலானது. இந்தத் தம்பிக்கு மரபு கொடுத்ததை வளரவிட்டது வீடு.

நாங்கள் செய்த பிழை

ஒன்பதாம் நாள் குடும்பக் கூட்டம். தம்பி, மனைவி, அண்ணன் மூவரும் இருந்தார்கள். குற்ற உணர்வைக் குறைக்கலாம் என்ற நல்லெண்ணத்தில் வெள்ளைப் பலகையில் '50%' என்று எழுதி, குடிநோய் வருவதில் பாதிப் பங்கு மரபுக்கு உண்டு என்று விளக்கினேன். எண் தப்பில்லை. இரட்டையர், தத்துப்பிள்ளை ஆய்வுகளைத் திரட்டி 2015-ல் வந்த பகுப்பாய்வு 49 விழுக்காடு என்றே சொல்கிறது. பிறந்த சில வாரங்களிலேயே பிரிக்கப்பட்டு வேறு வீடுகளில் வளர்ந்த குடிநோயாளிகளின் மகன்களுக்கும் மற்றத் தத்துப்பிள்ளைகளைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு குடிநோய் வந்ததை 1973-லேயே டென்மார்க் ஆய்வு காட்டிவிட்டது.

ஆனால் அந்த 50, ஒரு பெரிய மக்கள்தொகையில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றியது. தனி ஒருவரின் குடியை இரண்டு கூறாக வெட்டுவதற்கான அளவுகோல் அல்ல. அதைச் சொல்லாமல் விட்டேன். மூன்று பேர் அதை மூன்று விதமாகக் கேட்டுக்கொண்டு போனார்கள்.

தம்பி சிரித்துக்கொண்டே சொன்னார்: "அப்போ பாதி எங்கப்பா குடிச்சது, பாதிதான் நான் குடிச்சது." அப்போது எல்லோரும் சிரித்தோம். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. மகனுக்குக் குடிநோய் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று அவர் எடுத்துக்கொண்டார். அண்ணனோ, தனக்கு வரவில்லை என்பதால் அந்தப் பாதி தன் பக்கம் வரவே இல்லை என்று முடிவு கட்டினார்.

சிகிச்சை முடிவுகள்

மறுபடி குடிக்காமல் இருக்க உதவும் மருந்துகளில் நால்ட்ரெக்ஸோனா, அகாம்ப்ரோசேட்டா என்று யோசித்தோம். ஏ.எஸ்.டி. இயல்பு அளவைப் போல மூன்று மடங்குதான் ஏறியிருந்தது, நால்ட்ரெக்ஸோன் கொடுத்திருக்கலாம். ஆனால் அப்பாவின் சாவைப் பார்த்தவர், கல்லீரல் என்ற சொல்லுக்கே பயந்தார். அகாம்ப்ரோசேட் கல்லீரலில் சிதையாமல் சிறுநீரகம் வழியே வெளியேறும், அவர் சிறுநீரகம் நன்றாக இருந்தது. அதையே கொடுத்தோம். வேளைக்கு இரண்டு மாத்திரை, நாளுக்கு மூன்று வேளை. இரவெல்லாம் வேலை செய்து பகலில் தூங்குகிறவருக்கு மூன்று வேளை மாத்திரை எப்படிச் சரிப்படும் என்று நாங்கள் யோசிக்கவில்லை.

மனைவி தனியாக வந்து கேட்டார்: "குடிச்சா வாந்தி வர்ற மாத்திரை இருக்காமே, அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து கொடுத்துடலாமா?" அவர் சொன்னது டைசல்ஃபிராம். அண்ணனுக்கு இயற்கையாகவே இருப்பதாக நாங்கள் ஊகித்த அந்தக் குறையை, இந்த மாத்திரை செயற்கையாக உண்டாக்குகிறது. தடுப்பது அதே இரண்டாம் கட்டத்தைத்தான். தெரியாமல் கொடுத்து, அவர் பாட்டுக்கு 350 மில்லி குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். கண்டிப்பாகக் கூடாது என்றோம். இந்தக் கேள்வியைக் கேட்காத குடும்பம் அபூர்வம் என்பதால் இதைப் பதிவு செய்கிறேன்.

அண்ணன் இன்னொன்று கேட்டார்: பையனுக்கு மரபணுச் சோதனை செய்து பார்த்துவிட்டால் என்ன? வேண்டாம் என்றோம். 1990-ல், மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமின் என்ற வேதிப்பொருளின் ஏற்பி ஒன்றின் மரபணுவை 'குடிநோய் மரபணு' என்று பெரிதாகப் பேசினார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் அது நிலைக்கவில்லை. 2020-ல் 4,35,000-க்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தரவை அலசிய ஆய்வு, குடிச் சிக்கலோடு தொடர்புள்ள 29 இடங்களைக் கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் சின்னது. இவற்றைக் கூட்டிக் கழித்து ஒரு பதினைந்து வயதுப் பையனின் எதிர்காலத்தைச் சொல்லும் நிலையில் யாரும் இல்லை. அவன் தாத்தாவும் அப்பாவும் யார் என்பதே எந்தச் சோதனையையும்விடத் தெளிவாகப் பேசுகிறது.

ஐந்தாம் வாரம்

மூன்று நாள் தொடர்ந்து குடித்துவிட்டு வந்தார். இரவு ஷிப்ட் முடிந்து காலை 6 மணிக்கு வெளியே வரும்போது உடம்பு அசந்திருக்கும், ஆனால் தூக்கம் வராது. சகதொழிலாளிகள் கூப்பிட்டிருக்கிறார்கள். மதியம் போட வேண்டிய மாத்திரையைப் பாதி நாள் போடவே இல்லை. ஏன் குடித்தீர்கள் என்ற கேள்விக்குப் பதில் தயாராக இருந்தது: "ரத்தத்துலயே இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க டாக்டர். நான் என்ன பண்றது?"

வீட்டில் அதற்குள் இன்னொன்றும் நடந்திருந்தது. மனைவி தினமும் இரவு மகனை வாயைத் திறக்கச் சொல்லி மோந்து பார்க்க ஆரம்பித்திருந்தார். பள்ளிப் பையைக் கொட்டிச் சோதித்தார். ஒருநாள் பையன் கத்தியிருக்கிறான்: "நான் இன்னும் ஒண்ணுமே பண்ணலையே, அதுக்குள்ள ஏன் என்னைக் குடிகாரன் மாதிரி பாக்கறீங்க?" இரண்டு நாள் நண்பன் வீட்டில் தங்கிவிட்டு, பெரியப்பா போய் அழைத்த பிறகுதான் வந்தான். பெரியப்பா வரும் வழியெல்லாம், 'மனசுல உறுதி இருந்தா போதும், என்னைப் பாரு' என்று பேசிக்கொண்டே வந்திருக்கிறார்.

எல்லாவற்றுக்கும் அந்தப் பலகைதான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்குப் பங்கு உண்டு.

மறுபடி பேசினோம்

இந்த முறை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, எண் எதுவும் சொல்லாமல் பேசினோம். தம்பியிடம் அவருடைய 19 வயதுக் கதையை எடுத்து, அந்த 'ஒண்ணுமே ஆகல' என்பதன் பொருளை விளக்கினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. அப்புறம் தன் இயந்திரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவர் ஓட்டும் வரிசையில் ஒரு மெஷினின் பேரிங் எப்போதும் சீக்கிரம் சூடாகுமாம். "அதுக்காக அந்த மெஷினை ஓட்டாம விடறதில்ல டாக்டர். மத்ததுல வாரத்துக்கு ஒரு தடவை பாப்போம்னா, அதுல மணிக்கு ஒரு தடவை கை வச்சுப் பாப்போம். சூடாகுதுன்னு மெஷின் மேல பழி போட்டுட்டு நான் தூங்கிட்டா, சூப்பர்வைசர் என்னைத்தானே கேப்பாரு?" நாங்கள் ஒன்பதாம் நாள் சொல்லத் தவறியதை அவர் தன் தொழிலின் மொழியில் சொல்லிவிட்டார். அதற்கு மேல் நாங்கள் ஒன்றும் சேர்க்கவில்லை.

கல்லீரல் எண்கள் இறங்கியிருந்ததால் நால்ட்ரெக்ஸோனுக்கு மாற்றினோம்: 50 மில்லிகிராம், நாளுக்கு ஒரே வேளை, அவர் தூங்கி எழும் நேரத்தில். தொழிற்சாலைக்குக் கடிதம் கொடுத்தோம். மருத்துவக் காரணங்களுக்காகப் பகல் ஷிப்ட் தேவை என்பதைத் தவிர அதில் வேறொன்றும் எழுதவில்லை. நோயின் பெயர் போனால் வேலையே போய்விடுமோ என்று அவர் பயந்தார். அந்தப் பயம் நியாயமானது. பகல் ஷிப்ட் கிடைக்க இரண்டு மாதம் ஆனது. கிடைத்த பிறகு நடந்த மாற்றம், மாத்திரையால் வந்ததைவிடக் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. தூக்கத்துக்காகக் குடிக்கிறேன் என்பவர்களுக்கு ஒன்று: மது சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவில் அந்தத் தூக்கத்தைக் கலைத்தும் போடும். அடுத்த நாள் மேலும் அசதி, மேலும் குடி.

மனைவியிடம் மோந்து பார்ப்பதை நிறுத்தச் சொன்னோம். அதற்குப் பதில் பெரியம்மாவின் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொன்னோம், மூன்றாவதற்கு வரும் பதிலைக் காத்திருந்து பார்க்கவும் சொன்னோம்.

மகன்

மகனை நாங்கள் பார்த்தது நான்காம் மாதத்தில்தான். ஒல்லியான பையன், அடிக்கடி கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தான். அப்பாவும் இருக்கட்டும் என்று அவனே சொன்னான். குடித்துப் பார்த்ததுண்டா என்று கேட்டதற்குக் கொஞ்சம் தயங்கிவிட்டு, மூன்று மாதத்துக்கு முன் ஒருமுறை என்றான். நண்பன் வீட்டில், பெரியவர்கள் இல்லாதபோது, இரண்டு டம்ளர். கூட இருந்தவர்கள் உளற ஆரம்பித்தார்கள், ஒருவன் வாந்தி எடுத்தான்.

"உனக்கு?"

"எனக்கு ஒண்ணுமே ஆகல."

அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் கைகள் மறுபடி தொடைக்கு அடியில் போயிருந்தன. இப்போது நடுக்கம் இல்லை என்றாலும்.

பிறகு அவரே பேசினார். 19 வயதில் ஏழு பேரை வீட்டில் கொண்டுபோய் விட்ட கதையை மகனிடம் சொன்னார். ஆனால் அந்த இரவோடு நிறுத்தவில்லை. 14 வயதில் குடித்த மிச்ச பாட்டில், 30 வயதில் தினமும் ஆனது, 35 வயதில் வலிப்பு, எங்கள் படிவத்தில் போட்ட கையெழுத்து என்று கடைசிவரை சொன்னார். நாங்கள் பையனிடம் ஒன்றுதான் கேட்டுக்கொண்டோம்: இப்போதைக்குத் தள்ளிப்போடு. 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் மதுவைச் சார்ந்துபோனதையும், 20 வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களில் அது 10 விழுக்காட்டளவில் இருந்ததையும் 1997-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. சீக்கிரம் தொடங்குவதுதான் காரணமா, அல்லது சீக்கிரம் தொடங்க வைக்கும் அதே துடுக்குத்தனம்தான் பின்னால் சிக்கலுக்கும் காரணமா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். தள்ளிப்போடுவதில் பையனுக்கு நட்டம் இல்லை என்பதால் அந்த வாதம் முடியக் காத்திருக்கத் தேவையில்லை.

14-ஆம் மாத நிலை

ஏழாம் மாதத்தில் ஒரு வாரம் கட்டாய இரவு வேலை போட்டார்கள். அந்த வாரத்தில் ஒருநாள் குடித்தார். மறுநாள் காலை 7 மணிக்கு அவரே தொலைபேசியில் அழைத்தார்: "டாக்டர், பேரிங் சூடாயிடுச்சு." அதன் பிறகு குடிக்கவில்லை. 12-ஆம் மாதப் பரிசோதனையில் ஜி.ஜி.டி. இயல்பு அளவுக்கு வந்திருந்தது, சிவப்பணுக்களின் அளவும் சரியாகிவிட்டது. நால்ட்ரெக்ஸோன் தொடர்கிறது. பகல் ஷிப்ட் நிரந்தரமாகவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடிதம் புதுப்பிக்க வேண்டும். மகன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறான். மறுபடி குடிக்கவில்லை என்கிறான். நம்புகிறோம், சோதிக்கவில்லை.

இனி மாற்றிச் செய்வது

எங்கள் சேர்க்கைப் படிவத்தில் 'தந்தை, ஆம்' என்று குறிக்கும் கட்டத்தை எடுத்துவிட்டோம். குடித்தவர் யார், எத்தனை வயதில் தொடங்கினார், என்ன ஆனார், குடிக்காத உடன்பிறப்பு உண்டா, அவர் எங்கே வளர்ந்தார் என்று எழுத அரைப் பக்கம் விட்டிருக்கிறோம். அதற்குக் கீழே ஒரு புதுக் கேள்வி: "முதல் சில தடவை குடித்தபோது, எவ்வளவு குடித்த பிறகு போதை தெரிந்தது?"

குடும்பக் கூட்டத்தில் விழுக்காடு எழுதுவதில்லை. பரம்பரை பற்றிப் பேசாமல் இருப்பதில்லை, ஆனால் அதை முதல் வாரத்தில் சொல்வதில்லை. சொல்லும்போது கேட்பவர் அதைத் தன் வாயால் திரும்பச் சொன்ன பிறகே அடுத்ததற்குப் போகிறோம். ஷிப்ட் வேலைக்காரர்களுக்கு மருந்து எழுதுமுன் எத்தனை மணிக்குத் தூங்குகிறார்கள் என்று கேட்கிறோம். வளர்ந்த பிள்ளைகளை நான்காம் மாதம்வரை தள்ளிப்போடுவதும் இல்லை.

அண்ணனை மட்டும் இறுதிவரை சரியாகக் கையாளவில்லை. அவருக்குக் குடிநோய் இல்லை, அதனால் அவர் எங்கள் நோயாளி இல்லை என்று விட்டுவிட்டோம். போன மாதம் தம்பியோடு வந்தவர், கிளம்பும்போது கதவருகே நின்று கேட்டார்: "நான் குடிக்கலன்னாலும் நானும் அவரோட பிள்ளைதானே டாக்டர். என் பொண்ணுங்ககிட்டயும் இதெல்லாம் பேசணுமா?" ஆமாம் என்றோம். தொடாதவர் வழியாகவும் அது பிள்ளைகளுக்குப் போகும். அவரை ஒருவேளை காத்த மாற்றம் பெண்கள் இருவருக்குமே வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. மூத்தவளுக்கு 17 வயது. அவளிடம் இன்னும் யாரும் பேசவில்லை.